எலெக்ட்ரானிக் இசையும் ஒலிக்கலையும் முதுகலையில் படிக்க: முதல் கேள்வியிலிருந்து ஆய்வேடு வரை

"எந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டு போனால் இடம் கிடைக்கும்?" இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கிறவர்கள் அநேகமாக இங்கேதான் தொடங்குகிறார்கள். நானும் இங்கேதான் தொடங்கினேன். ஒரு வருடம் முழுக்க ஒன்றுமாற்றி ஒன்றாக மென்பொருள்களைக் கற்று, ஆறு படைப்புகளைச் செய்து அனுப்பினேன். நேர்காணலில் வந்த முதல் கேள்வி, "இப்போது எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்பது. எனக்குப் பிடித்த இசைக்கலைஞர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னேன். அவர்கள் கேட்டது என் காதைப் பற்றி. அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை.

அடுத்த முறை போனபோது என்னிடம் புதிய கருவி எதுவும் இல்லை. ஒரு கேள்வி மட்டும் இருந்தது: ஆளில்லாத அறை எப்படி ஒலிக்கிறது? காலியான அறைகளில் உட்கார்ந்து கேட்டு, பதிவு செய்து, எழுதிவைத்த ஒரு நோட்டும் இருந்தது. இடம் கிடைத்தது. அதனால் இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்: முதலில் காது, பிறகு கேள்வி, பிறகு கருவி, கடைசியில்தான் விண்ணப்பப் படிவம். மொத்தத்தில் ஒன்றரை வருடம் கையில் இருந்தால் நிதானமாகச் செய்யலாம்.

எந்தப் பக்கம் போகப்போகிறீர்கள்

எலெக்ட்ரானிக் இசை, ஒலிக்கலை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். உள்ளே போனால் குறைந்தது ஐந்து பாதைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு, தனிப் பேச்சு, தனி ஆசிரியர்கள்.

முதலாவது, பதிவு செய்த ஒலியையே பொருளாக வைத்து அமைக்கும் இசை. 1948-ல் பிரெஞ்சு வானொலிப் பொறியாளர் பியர் ஷேஃபர் பாரிஸின் பாட்டின்யோல் ரயில் நிலையத்தில் எஞ்சின்களைப் பதிவு செய்து, அந்த ஒலிகளை வெட்டி, திருப்பி, சுழலவிட்டு ஒரு படைப்பு செய்தார். அங்கிருந்து வளர்ந்தது அக்கூஸ்மாட்டிக் மரபு. மேடையில் வாசிப்பவர் இல்லை, ஸ்பீக்கர்கள் மட்டுமே. ஒலி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க முடியாமல் கேட்பதுதான் அதன் அடிப்படை.

இரண்டாவது, கணினி இசை. 1957-ல் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய நிரல், ஐபிஎம் 704 கணினியில் 17 வினாடி இசையை உருவாக்கியது. பத்து ஆண்டுகள் கழித்து, 1967-ல், ஸ்டான்ஃபோர்டில் இசையமைப்பாளர் ஜான் சௌனிங் ஒரு ஒலியின் அதிர்வெண்ணை இன்னொரு ஒலியால் மிக வேகமாக அசைத்துப் பார்த்தபோது எஃப்எம் சிந்தசிஸ் கிடைத்தது. அந்த உரிமத்தை வாங்கிய யமஹா நிறுவனம் 1983-ல் டிஎக்ஸ்7 சிந்தசைசரை வெளியிட்டது. அந்தப் பத்தாண்டின் பாட்டுகளில் பாதி அந்த ஒலியில்தான் மிதந்தன என்று எனக்குத் தோன்றும். அதிர்வை அசைத்துப் பார்த்த ஓர் இசையமைப்பாளரின் ஆர்வம் இத்தனை தூரம் வந்தது.

மூன்றாவது, ஒலிக்கலை. 1977-ல் மேக்ஸ் நியூஹவுஸ் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் நடைபாதைக் காற்றோட்டக் கம்பிவலைக்கு அடியில் ஒரு ஒலியை நிறுவினார். பலகை கிடையாது, பெயர் கிடையாது. மேலே நடக்கிறவர்கள் கவனித்தால் உண்டு. ஜெர்மன் கலைஞர் கிறிஸ்டினா குபிஷ், மின்காந்த அலைகளைக் காதுக்குக் கேட்கவைக்கும் ஹெட்போன்களைக் கொடுத்து மக்களை நகரத்தில் நடக்க விடுகிறார். ஏடிஎம், கடை வாசல் பாதுகாப்புக் கதவு, டிராம் கம்பி எல்லாம் தங்கள் குரலில் பேசுகின்றன.

நான்காவது, ஒலிச்சூழல் ஆய்வு, அதாவது ஓர் இடத்தில் கேட்கும் எல்லா ஒலிகளையும் சேர்த்து ஆராய்வது. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் மரே ஷேஃபர் தொடங்கிய குழுவும், அதில் இருந்த பேரி ட்ரூவாக்ஸ், ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் ஆகியோரும் இதற்கு வழி போட்டார்கள். (பாரிஸ் ஷேஃபரும் கனடா ஷேஃபரும் வேறு வேறு ஆட்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் இங்கே குழம்புவது வழக்கம்.) ஐந்தாவது, புதிய கருவிகளைக் கட்டுவதும் நேரடியாக வாசிப்பதும்: சென்சார், சர்க்யூட், மேடையிலேயே நிரல் எழுதும் லைவ் கோடிங்.

உங்கள் பாதை எது என்று பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. நீங்கள் கற்பனை செய்யும் படைப்புக்கு ஆரம்பமும் முடிவும் இருக்கின்றனவா, கேட்பவர் உட்கார்ந்து முழுதும் கேட்கவேண்டுமா? அப்படியானால் நீங்கள் இசையமைப்பின் பக்கம். அவர் நினைத்த நேரத்தில் உள்ளே வந்து நினைத்த நேரத்தில் போகலாம், ஆனால் எங்கே நிற்கிறார் என்பது முக்கியம் என்றால் நீங்கள் ஒலிக்கலையின் பக்கம். இரண்டும் கலந்தவர்கள் நிறைய. ஆனாலும் விண்ணப்பிக்கும்போது எந்தக் கால் முன்னால் என்று தெரிந்திருக்கவேண்டும்.

காதுக்கு ஆறு மாதம்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

தினமும் 15 நிமிடம், ஒரே இடம், ஒரே நேரம். போன் அணைத்திருக்கட்டும். கேட்டு முடித்ததும் கேட்டதை எழுதுங்கள், ஆனால் ஒரு கட்டுப்பாட்டோடு: ஒலியை எழுப்பிய பொருளின் பெயரைச் சொல்லக்கூடாது. "மின்விசிறி" என்று எழுதாமல், "தாழ்ந்த, மெல்லிய நடுக்கம், ஏறத்தாழ ஒரு வினாடிக்கு ஒருமுறை ஓரம் உரசுவதுபோல ஒரு சிறு தடங்கல்" என்று எழுதவேண்டும். ஒலி எப்படித் தொடங்குகிறது, நடுவில் என்ன ஆகிறது, எப்படித் தேய்கிறது, சொரசொரப்பா வழவழப்பா, தூரமா கிட்டவா என்று பார்க்கவேண்டும். பியர் ஷேஃபர் வகுத்த, மூலத்தை ஒதுக்கிவைத்து ஒலியை மட்டும் கேட்கும் முறை இதுதான். பிரெஞ்சு இசையமைப்பாளரும் ஆய்வாளருமான மிஷேல் ஷியோன் பிறகு இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்து மூன்று வகைக் கேட்டலைப் பேசினார்: எது எழுப்பியது என்று அறியக் கேட்பது, என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ளக் கேட்பது, ஒலியின் தன்மைக்காகவே கேட்பது. நாள் முழுக்க முதல் இரண்டைத்தான் செய்கிறோம். மூன்றாவதைப் பழக்கித்தான் கொண்டுவரவேண்டும்.

முதல் மாதம் சலிப்பாக இருக்கும். மூன்றாவது மாதத்தில் உங்கள் நோட்டில் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். எனக்கு அது ஆள் வெளியேறிய பிறகு அறையில் மிஞ்சும் முனகல். உங்களுக்கு அது தண்ணீராக இருக்கலாம், கூட்டத்தில் மூச்சாக இருக்கலாம், பழைய ஒலிநாடாவின் இரைச்சலாக இருக்கலாம். உங்கள் கேள்வி அங்கே இருக்கிறது. அதை வெளியிலிருந்து யாரும் தரமுடியாது.

எழுதிய பிறகு அதே இடத்தைப் பதிவு செய்து போட்டுக் கேளுங்கள். நீங்கள் கேட்டதும் மைக் பிடித்ததும் ஒன்றாக இருக்காது. காது வேண்டாததைத் தள்ளிவிடும். மைக் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்ளும். அந்த வித்தியாசத்தை உணர்ந்த நாளிலிருந்துதான் பதிவு செய்வது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது.

இதோடு சேர்த்து வாரத்துக்கு ஒரு படைப்பையாவது இருட்டில், முழுதாக, நல்ல ஹெட்போனில் கேளுங்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியே 1969-ல் செய்த ஒரு படைப்பை என்னால் மறக்கமுடியாது. தன் பேச்சைப் பதிவு செய்து அறையில் ஒலிக்கவிட்டு, அதை மறுபடி பதிவு செய்து, மறுபடி ஒலிக்கவிட்டு என்று தொடர்ந்தார். சொற்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கடைசியில் அந்த அறையின் ஒத்ததிர்வு, அதாவது அறை தானாகவே பெருக்கிக்காட்டும் அதிர்வெண்கள், மட்டும் மணி போல மிஞ்சுகிறது. இன்னோர் அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் 1988-ல் நண்பர்களோடு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நிலத்துக்கடியில் இருந்த ஒரு காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி வாசித்தார். எதிரொலி 45 வினாடி நீடிக்கும் இடம் அது. அங்கே வாசிக்கவேண்டுமானால் முதலில் கேட்டுத்தான் ஆகவேண்டும். அந்த அனுபவத்திலிருந்துதான் 'ஆழ்ந்து கேட்டல்' என்ற அவருடைய பயிற்சிமுறைக்குப் பெயர் வந்தது.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 85 டெசிபல் அளவில் ஒரு நாளுக்கு 8 மணி நேரம் என்பது பணியிடப் பாதுகாப்புக்கு அமெரிக்க நிபுணர்கள் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைகிறது. 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். ஹெட்போனில் வேலை செய்யும் நாமெல்லாம் இந்தக் கணக்கை மனதில் வைத்திருக்கவேண்டும். போன காது திரும்பாது.

கருவிகள்: கொஞ்சம் போதும்

கையடக்க ரெக்கார்டர் ஒன்று, காதை மூடும் ஹெட்போன் ஒன்று, அதிர்வை மின்சாரமாக்கும் பியசோ தகட்டில் நீங்களே ஒயர் பற்றவைத்துச் செய்த கான்டாக்ட் மைக் (பொருளின் மேல் ஒட்டி அதன் அதிர்வைப் பிடிப்பது) ஒன்று. விண்ணப்பம் வரைக்கும் இதற்கு மேல் வேண்டாம். கான்டாக்ட் மைக்கை நீங்களே செய்யுங்கள். ஜன்னல் கண்ணாடியிலும் தண்ணீர்க் குழாயிலும் அதை ஒட்டிக் கேட்ட முதல் நாள் உங்களை மாற்றிவிடும்.

பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ ஒரு ஜிபி ஆகும், அதற்கேற்ற இடம் வைத்துக்கொள்ளுங்கள். உச்ச அளவு வரம்பைத் தொடாமல் 12 டெசிபல் அளவுக்காவது கீழே நிற்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றுமே நடக்காத இரண்டு நிமிடத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். பின்னால் இரண்டு துண்டுகளை ஒட்டும்போது அந்த அமைதி கைகொடுக்கும்.

மென்பொருளுக்கு வருவோம். ஒலியை அடுக்கி வெட்டி ஒட்ட ஏதாவது ஒன்று, உங்களுக்குப் பழகியது எதுவானாலும் சரி. அதோடு நிரல் சூழல் ஒன்றே ஒன்று. பெட்டிகளைக் கோட்டால் இணைத்து யோசிப்பது இயல்பாக வந்தால் பியூர் டேட்டா. எழுத்தில் யோசிப்பது இயல்பாக வந்தால் சூப்பர்கொலைடர். இரண்டுமே 1996-ல் வந்தவை, இரண்டும் இன்று இலவசம். பியூர் டேட்டாவை எழுதிய மில்லர் பக்கெட் அதற்கு முன்பு பாரிஸின் இசை ஆய்வு நிறுவனமான இர்காமில், இதே போலப் பெட்டிகளை இணைக்கும் மேக்ஸ் மென்பொருளைத் தொடங்கியவர். அதனால் பியூர் டேட்டாவைக் கற்றால் மேக்ஸுக்குப் போவது எளிது. பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர் இரண்டையும் மேலோட்டமாகத் தொட்டுப் பார்ப்பதைவிட ஒன்றில் ஒரு சிறு கருவியைச் செய்து முடிப்பது மேல்.

கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு: இரண்டு கருத்து தெளிவாக இருந்தால் போதும். ஒன்று, ஒலியை வினாடிக்கு எத்தனை மாதிரிகளாக எடுக்கிறோமோ, அதில் பாதி வரைக்கும்தான் அதிர்வெண்ணைப் பிடிக்கமுடியும். 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை. மற்றொன்று, ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்க்கும்போது நேரத் துல்லியமும் அதிர்வெண் துல்லியமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கவேண்டும். 1024 மாதிரிகளை எடுத்துப் பிரித்தால் அது சுமார் 21 மில்லிவினாடி. அடுத்தடுத்த அதிர்வெண்களுக்கு இடையே 47 ஹெர்ட்ஸ் இடைவெளி. 4096 எடுத்தால் இடைவெளி 12 ஹெர்ட்ஸுக்குக் குறையும், ஆனால் 85 மில்லிவினாடிக்குள் நடந்தது எல்லாம் குழைந்துவிடும். ஒரு கைதட்டலையும் ஒரு தம்புரா நாதத்தையும் ஒரே அமைப்பில் பிரித்துப் பாருங்கள், உடனே புரியும்.

பட்டத்தின் பெயரும் பாடத்தின் உள்ளும்

எம்ஏ, எம்மியூஸ் (இசை), எம்எஃப்ஏ (நுண்கலை), எம்எஸ்சி என்று பல பெயர்கள். பிரிட்டனில் முழுநேர எம்ஏ பெரும்பாலும் ஒரு வருடம். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் இரண்டு வருடம், 120 கிரெடிட் என்பது வழக்கம். அமெரிக்காவில் எம்எஃப்ஏ பொதுவாக இரண்டு வருடமோ அதற்கு மேலோ. கலைக்கல்லூரிப் பாணியில் படைப்பை மையமாக வைத்து நடக்கும். எம்எஸ்சி என்றால் ஒலிப் பகுப்பாய்வும் நிரலும் கூடுதலாக இருக்கும். ஒரு வருடப் படிப்பு ஏற்கெனவே கேள்வியோடு வருகிறவருக்குப் பொருந்தும். வேறு துறையிலிருந்து வருகிறீர்கள் என்றால் இரண்டு வருடம் எடுங்கள். காது மாற ஒரு வருடம் ஆகிவிடும்.

இளங்கலையில் இசை படித்திருக்கவேண்டுமா என்று கேட்பார்கள். இந்தத் துறையில் கட்டடக்கலை, இயற்பியல், இலக்கியம், நாடகம் படித்தவர்கள் நிறையப் பேர். பல இடங்களில் ஸ்வரக்குறிப்பு வாசிக்கத் தெரிவது கட்டாயமில்லை. ஆனால் இசையமைப்புத் துறைக்குள் இருக்கும் படிப்புகளில் கேட்கக்கூடும், பாடத்திட்டத்தைப் படித்துப் பாருங்கள்.

அறையையும் ஆட்களையும் பார்த்துத் தேர்வு செய்யுங்கள்

பல்கலைக்கழகத் தரவரிசை இந்தத் துறையில் அதிகம் உதவாது. உங்கள் வேலை நடக்கப்போகும் அறையும், அதில் உங்களோடு உட்கார்ந்து கேட்கப்போகும் ஆட்களும்தான் முக்கியம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காது உண்டு.

நெதர்லாந்தின் ஹேக் நகர அரச இசைக் கல்லூரியில் இருக்கும் சோனாலஜி நிறுவனம் யூட்ரெக்டில் 1960-களில் வளர்ந்து 1986-ல் அங்கே குடிபெயர்ந்தது. அங்கே பழைய அனலாக் ஸ்டூடியோ இன்றும் பாடத்தின் உயிர். ஒலியை அடியிலிருந்து கட்டவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அது வீடு. முதுகலைக்கு முன்பாக ஒரு வருடப் படிப்பும் வைத்திருக்கிறார்கள். பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் சோனிக் லேப் 2004-ல் திறக்கப்பட்டது, திறந்துவைத்தவர் ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன். அதன் தரை ஒலி ஊடுருவும் கம்பிவலை. காலுக்கடியிலும் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருக்கும் எலெக்ட்ரானிக் இசை மற்றும் ஒலியியல் நிறுவனம் கேட்பவரைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒலியை வைக்கும் ஆம்பிசோனிக்ஸ் முறையில் பெயர்பெற்றது. பர்மிங்காமில் 1982-லிருந்து ஸ்பீக்கர்களையே ஓர் இசைக்குழு மாதிரி நடத்தும் மரபு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் கணினி இசை மையமான கார்மா (CCRMA) அறிவியலையும் இசையையும் ஒரே மேசையில் உட்காரவைக்கிறது. பார்சிலோனாவின் பாம்பேவ் ஃபாப்ரா பல்கலைக்கழக இசைத் தொழில்நுட்பக் குழு, 2005-ல் ஃப்ரீசவுண்ட் என்ற திறந்த ஒலிக்களஞ்சியத்தைத் தொடங்கியது. ஒலிக்கலைக்கு லண்டன் கலைப் பல்கலைக்கழகமும், பெர்லின் கலைப் பல்கலைக்கழகமும், சிகாகோ கலைக்கழகப் பள்ளியும் தனிப் படிப்புகளுக்காக அறியப்பட்டவை. பாரிஸின் இர்காமில் இளம் இசையமைப்பாளர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி உண்டு. அங்கே போக ஏற்கெனவே எழுதிய படைப்புகள் கையில் இருக்கவேண்டும்.

இந்தப் பட்டியலை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஆசிரியர்கள் மாறுவார்கள், துறைகள் மூடப்படும். ஒலிவெரோஸ் வேலை செய்த மில்ஸ் கல்லூரியே 2022-ல் இன்னொரு பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. அதனால் இப்போது படிக்கும் மாணவர்கள் இரண்டு பேரைக் கண்டுபிடித்து இவற்றைக் கேளுங்கள்: பல ஸ்பீக்கர் உள்ள அறை ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது? இரவில் திறந்திருக்குமா? ஸ்டூடியோத் தொழில்நுட்பர் முழுநேரமா? வருடத்தில் எத்தனை முறை மாணவர் படைப்பு பொதுமக்கள் முன்னால் ஒலிக்கிறது? ஆசிரியர் தனியாக உட்கார்ந்து படைப்பைக் கேட்பது மாதத்துக்கு எத்தனை முறை? இந்த ஐந்து பதிலும் விளம்பரத் தாள்களில் கிடைக்காது.

படைப்புத் தொகுப்பு

முடிவு இங்கேதான் தீர்மானமாகிறது. முதல் முறை ஆறு படைப்பு அனுப்பினேன் என்று சொன்னேனே, அதில் ஐந்து ஒன்றையொன்று மறைத்தன. இரண்டாம் முறை மூன்றுதான். எண்ணிக்கையைப் படிப்பே சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். சொல்லவில்லை என்றால் மூன்று படைப்பு, மொத்தம் 15 முதல் 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்குழு ஒரே நாளில் பலருடைய தொகுப்பைக் கேட்கிறது. எல்லாவற்றையும் முழுதாகக் கேட்க அவர்களுக்கு நேரம் இருக்காது. அதனால் மிக வலுவானதை முதலில் வையுங்கள். அதிலும் முதல் ஒரு நிமிடத்துக்குள் உங்கள் கேள்வி காதில் விழவேண்டும். 40 வினாடி மெதுவாக ஏறும் தொடக்கம் கச்சேரியில் அழகு, தொகுப்பில் ஆபத்து. படைப்பை வெட்டிச் சிதைக்க மனமில்லையா, "2:10-லிருந்து கேட்கவும்" என்று நேரம் குறித்துக் கொடுங்கள். அது தவறே இல்லை.

மூன்றும் மூன்று விதமான திறமையைக் காட்டவேண்டும் என்று ஓர் ஆலோசனை சுற்றுகிறது. நான் அதை ஏற்கவில்லை. மூன்றும் ஒரே கேள்வியை மூன்று பக்கத்திலிருந்து தொடவேண்டும். என்னுடையது இப்படி இருந்தது: காலியான அறைகளின் பதிவிலிருந்து செய்த ஸ்டீரியோப் படைப்பு, ஓர் அறைக்குள் அதன் ஒத்ததிர்வையே திரும்ப எழுப்பும் சிறு நிறுவல் (இன்ஸ்டலேஷன்), அதே அறையில் ஒருவர் பாடும்போது பதில் சொல்லும் பியூர் டேட்டா பேட்ச் (அந்த மென்பொருளில் பெட்டிகளை இணைத்துச் செய்த நிரல்). பார்த்தவுடன் இவர் எதைத் தேடுகிறார் என்று தெரிந்துவிடும்.

நிறுவலை ஆவணப்படுத்துவது தனிக் கலை. இங்கே நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஸ்பீக்கருக்கு அனுப்பிய கோப்பையே ஆவணமாக அனுப்பினால் அதில் அறை இல்லை. கேட்பவர் நிற்கும் இடத்தில், காது உயரத்தில், இரண்டு மைக் வைத்து அறையோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அப்புறம் ஒரே டேக்கில், வாசலிலிருந்து நடந்து உள்ளே போகும் மூன்று நிமிட வீடியோ. பின்னணி இசையோ பேச்சோ வேண்டாம். ஸ்பீக்கர் இருக்கும் இடங்களைக் குறித்த தரைப்படம் ஒன்று, கையால் வரைந்ததே போதும். யாராவது உள்ளே நின்று கேட்பதைக் காட்டும் புகைப்படம் ஒன்று. ஆளில்லாத நிறுவல் படத்தில் அளவு தெரிவதில்லை.

ஒவ்வொரு படைப்புக்கும் 100 முதல் 150 சொல்லில் குறிப்பு எழுதுங்கள். என்ன ஒலி, எங்கிருந்து, என்ன செய்தீர்கள், எப்படிக் கேட்கவேண்டும் என்று இருந்தால் போதும். "எல்லைகளைக் கேள்விக்குள்ளாக்குகிறது" போன்ற வரியை எழுதிவிட்டீர்கள் என்றால் அடித்துவிடுங்கள். மற்றவர்களோடு சேர்ந்து செய்தது என்றால் உங்கள் பங்கு எது என்று நேர்மையாகச் சொல்லுங்கள். ஃப்ரீசவுண்ட் போன்ற இடங்களிலிருந்து எடுத்த ஒலிக்கு நன்றி குறிப்பிடுங்கள்.

சத்தத்தை இறுக்கி அழுத்தி உயர்த்தவேண்டாம். மெல்லியதும் வலியதும் இருக்கும் இடைவெளியைக் குழு கவனிக்கும். அனுப்பும் முன் ஹெட்போன், சாதாரண லேப்டாப், நல்ல ஸ்பீக்கர் மூன்றிலும் போட்டுக் கேளுங்கள். இணைப்பு வேறொரு கணினியில் கடவுச்சொல் கேட்காமல் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

நோக்க உரையும் ஆய்வுத் திட்டமும்

"சுற்றுச்சூழலுக்கும் இசைக்கும் உள்ள உறவை ஆராய விரும்புகிறேன்." இது திட்டமில்லை, தலைப்புமில்லை. இதை எப்படிக் கூர்மையாக்குவது என்பதற்கு என் உதாரணத்தையே சொல்கிறேன்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 4 மீட்டர் இருக்கும் அறையில் அந்தத் திசையின் மிகத் தாழ்ந்த ஒத்ததிர்வு சுமார் 43 ஹெர்ட்ஸ்: ஒலியின் வேகத்தை அகலத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வரும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் கூடும், அதனால் அந்த அதிர்வெண்ணும் ஒரு துளி ஏறும். ஆட்கள் வந்தால் அவர்கள் உடம்பும் உடையும் ஒலியை உறிஞ்சும். அப்படியானால் என் கேள்வி: "ஓர் அறையின் ஒத்ததிர்வுகளையே ஸ்ருதியாகக் கொண்டு அந்த அறைக்காக ஒரு படைப்பு செய்தால், கேட்பவர் உள்ளே வருவதே அதன் ஸ்ருதியைக் கலைக்குமா? அந்தக் கலைவதை எப்படிக் கேட்கவைப்பது?" இதை அளக்கலாம், செய்துபார்க்கலாம், தோற்றுப்போகவும் வழி இருக்கிறது. தோற்க வழியுள்ள கேள்விதான் ஆய்வுக் கேள்வி.

அதன்பிறகு உரை தானாக எழுதிக்கொள்ளும். கேள்வி, அதைத் தொட்ட மூன்று நான்கு கலைஞர்கள் அல்லது ஆய்வாளர்கள், அவர்கள் விட்டுப்போன இடம், நீங்கள் செய்யப்போகும் முறை, கடைசியில் கையில் என்ன இருக்கும், அதற்கு ஏன் இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்த அறை வேண்டும். கடைசி வரி இல்லாவிட்டால் ஒரே கடிதத்தை எல்லா இடத்துக்கும் அனுப்பியது தெரிந்துவிடும்.

வழிநடத்தப்போகும் ஆசிரியருக்கு முன்கூட்டி எழுதலாமா? எம்ஏவுக்குக் கட்டாயமில்லை, முனைவர் படிப்புக்கு அவசியம். பத்து வரி, ஒரு கேள்வி, ஒரு படைப்பின் இணைப்பு. அவருடைய படைப்பு ஒன்றை உண்மையாகவே கேட்டுவிட்டு எழுதுங்கள்.

தேதி, பரிந்துரை, பணம்

படிப்பு பெரும்பாலும் செப்டம்பரிலோ அக்டோபரிலோ தொடங்கும். விண்ணப்பக் கடைசி நாள் பல இடங்களில் அதற்கு எட்டு, ஒன்பது மாதம் முன்பே வந்துவிடும். உதவித்தொகையின் கடைசி நாள் அதற்கும் முன்னால் இருப்பது சாதாரணம். ஆகவே முதலில் உதவித்தொகைத் தேதியைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள். ஜெர்மனியின் டாட் (DAAD), பிரிட்டனின் செவ்னிங், அமெரிக்காவின் ஃபுல்பிரைட் போன்றவை நாடு பார்த்து விதி வைப்பவை. கலைத்துறைக்கு இடமுண்டா என்று ஒவ்வொரு வருடமும் பார்க்கவேண்டும். பரிந்துரைக் கடிதம் தருபவருக்கு உங்கள் படைப்பையும் உரையையும் ஆறு வாரம் முன்பே கொடுங்கள். பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் வேலையைக் கேட்டவர் எழுதுவதுதான் எடுபடும்.

நேர்காணல்

குழு உங்களை மடக்க உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு வருடம் இவரோடு ஒரே அறையில் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். உங்கள் படைப்பிலேயே சரியாக வராத ஓர் இடத்தை நீங்களே தெரிந்துவைத்திருங்கள், கேட்டால் சொல்லுங்கள். சமீபத்தில் கேட்ட ஒரு படைப்பைப் பற்றி மூன்று நிமிடம் பேசிப் பழகுங்கள், பிடித்ததா இல்லையா என்று நிறுத்தாமல், அதில் ஒலி எப்படி நகர்ந்தது என்று. அவர்களிடம் கேட்க உங்களிடமும் கேள்வி இருக்கட்டும். ஸ்டூடியோ நேரத்தைப் பற்றிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

சேர்ந்த பிறகு

முதல் மாதத்திலேயே தொழில்நுட்பரோடு பழகுங்கள். கேபிள் சுருட்டுவது எப்படி என்பதிலிருந்து தொடங்கி அவர் சொல்லித்தரும் விஷயம் எந்த வகுப்பிலும் வராது. யாருக்கும் வேண்டாத நேரங்களில் ஸ்டூடியோவைப் பிடியுங்கள். அதிகாலை என் நேரமாக இருந்தது.

ஸ்டீரியோவிலிருந்து பல சேனலுக்கு மாறும்போது எல்லோரும் ஒரு தவறு செய்கிறோம். ஒலியை அறை முழுக்கச் சுற்றவிட்டுக்கொண்டே இருப்போம். இரண்டு வாரத்தில் தலைசுற்றும். ஒரு ஒலியை ஒரே ஸ்பீக்கரில் அசையாமல் வைத்து, கேட்பவரை நடக்கவிட்டுப் பாருங்கள்; இடம் என்றால் என்ன என்று அப்போது தெரியும். ஆம்பிசோனிக்ஸில் முதல் நிலைக்கு 4 சேனல், மூன்றாம் நிலைக்கு 16 சேனல் தேவை. நிலை ஏற ஏறத் திசை கூர்மையாகும். முதல் நிலையிலேயே ஒரு முழுப் படைப்பைச் செய்துவிட்டு மேலே போங்கள். 1974-ல் பாரிஸில் பிரான்சுவா பேய்ல் அமைத்த அக்கூஸ்மோனியம் போல, ஸ்டீரியோப் படைப்பையே பல ஸ்பீக்கர்களில் கையால் பிரித்து வாசிக்கும் மரபும் உண்டு. வாய்ப்புக் கிடைத்தால் மற்ற மாணவர்களின் படைப்பை மிக்ஸரில் உட்கார்ந்து நீங்கள் வாசியுங்கள். வேறொருவருடைய ஒலி விரலுக்கு அடியில் நகர்வதுபோல எதுவும் கற்றுத்தராது.

வாராந்திர விமர்சன வகுப்புகளில் முதலில் விவரியுங்கள், பிறகு கருத்துச் சொல்லுங்கள். உங்கள் படைப்பு ஒலிக்கும்போது விளக்கம் கொடுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். சர்வதேசக் கணினி இசை மாநாடு 1974-லிருந்தும், புதிய இசைக்கருவிகளுக்கான நைம் மாநாடு 2001-லிருந்தும் நடக்கின்றன. படைப்புகளையும் கட்டுரைகளையும் இரண்டுமே அழைக்கின்றன. இரண்டாம் பருவத்தில் ஒன்றுக்காவது அனுப்புங்கள். நிராகரிப்போடு வரும் மதிப்புரைகள் கூடப் பயன்படும்.

ஆய்வேடு

பெரும்பாலான இடங்களில் இறுதி வேலை இரண்டு பகுதி: படைப்பு, அதோடு ஓர் எழுத்து. எழுத்தைக் கடைசி மாதத்துக்கு ஒதுக்குகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். என் யோசனை, முதல் நாளிலிருந்தே ஒரு வேலைக்குறிப்பு வையுங்கள். ஒவ்வொரு ஸ்டூடியோ நாளின் முடிவிலும் ஐந்து வரி: என்ன எதிர்பார்த்தேன், என்ன கேட்டது, நாளை என்ன மாற்றுவேன். ஒரு வருடத்தில் அது உங்கள் ஆய்வேட்டின் பாதி. கோப்புகளுக்குத் தேதியோடு பெயர் வையுங்கள், தோற்ற முயற்சிகளை அழிக்காதீர்கள். என் அறை நிறுவலில் ஆட்கள் வந்ததும் ஸ்ருதி கலையும் என்று நினைத்தேன். ஸ்ருதி கிட்டத்தட்ட அப்படியே நின்றது. நாதம் நீடிக்கும் நேரம்தான் குறைந்தது. ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயம் அந்தத் தவறிலிருந்து வந்தது.

எழுத்தில் உங்கள் படைப்பைப் புகழவோ தத்துவத்தால் மூடவோ வேண்டாம். என்ன செய்தீர்கள், ஏன், என்ன கேட்டது என்று சொன்னால் போதும். கோட்பாடு தேவைப்படும் இடத்தில் மட்டும் வரட்டும்.

கிளம்பும் முன்

பேட்ச் பத்து வருடம் கழித்துத் திறக்காமல் போகலாம். அதனால் ஒவ்வொரு படைப்பையும் தனித்தனிச் சேனல்களாக, சாதாரண ஆடியோக் கோப்புகளாக எடுத்துவைத்து, எந்தக் கோப்பு எந்த ஸ்பீக்கருக்கு என்று எழுதிவையுங்கள். இரண்டு இடத்தில் நகல் இருக்கட்டும். பல்கலைக்கழகக் கணக்கு மூடப்படும் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து முனைவர் படிப்பா, ஸ்டாக்ஹோமின் எலெக்ட்ரானிக் இசை ஸ்டூடியோவான இஎம்எஸ் போன்ற இடங்களில் தங்கிப் படைக்கும் வாய்ப்பா, நாடகத்துக்கும் படத்துக்கும் விளையாட்டுக்கும் ஒலி வடிவமைப்பா என்று விசாரிப்பதைக் கடைசிப் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள். இந்தத் துறையில் வேலை பெரும்பாலும் கூட உட்கார்ந்து கேட்டவர்கள் மூலம்தான் வருகிறது.

சாவியைத் திருப்பிக்கொடுப்பதற்கு முந்தைய இரவு, நீங்கள் வேலை செய்த அறைக்கு ஒருமுறை போங்கள். தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்தது வரை மெதுவாக ஏறும் ஒரு ஒலியை ஸ்பீக்கரில் விட்டு, அறை அதற்குச் சொல்லும் பதிலைப் பதிவு செய்யுங்கள். ஸ்பீக்கர் வசதி இல்லையென்றால் ஒரு பலூனை உடைத்தாலும் போதும். அதன்பிறகு எந்த ஊரில் எந்தச் சிறிய அறையில் இருந்தாலும், கன்வல்யூஷன் என்ற முறையில் உங்கள் புதிய ஒலியை அந்தப் பழைய அறைக்குள் வைத்துக் கேட்கலாம். பலூன் உடைந்த பிறகு பதிவை உடனே நிறுத்தாதீர்கள். அறை அடங்கட்டும்.